பின்னட்டையில் இருக்கும் பெயர்கள்

ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் மூன்று ஆல்பங்களையும் அண்மையில்தான் முதன்முறையாகக் கேட்டதாகச் சொல்லும் ஒருவர், அடுக்கடுக்காக நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். இவ்வளவு நல்ல இசை வெளிவந்த காலத்தில் எப்படிக் கவனிக்கப்படாமல் போயிற்று? ஜாஸிலும் இப்படி மறைந்துகிடந்த ஆல்பங்கள் உண்டா? அவற்றை எப்படித் தேடுவது? அசல் இசைத்தட்டைத்தான் வாங்க வேண்டுமா? நான்கையும் சேர்த்துப் படித்தால் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான். நல்ல இசை தானாகவே காலத்தைக் கடந்து வந்துவிடுமா, அல்லது யாராவது அதைச் சுமந்துகொண்டு வர வேண்டுமா?

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். இசைத்தட்டு சேர்க்கும் பழக்கம் அதற்கும் முந்தையது. நான் இசைக் கலைஞன் இல்லை. ஒரு பாடலின் சுர அமைப்பைப் பகுத்துக் காட்டும் பயிற்சி எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு ஒலிப்பதிவு எதனால் பிழைக்கிறது, எதனால் காணாமல் போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதுவும் தானாக வருவதில்லை. ஒவ்வொரு மறுகண்டுபிடிப்புக்குப் பின்னாலும் ஓர் ஒப்பந்த வரியோ, அலமாரியில் பத்திரமாக இருந்த ஒரு நாடாவோ, பிடிவாதமான ஒரு மனிதரோ இருக்கிறார்கள்.

நிக் டிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் ரங்கூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1969-இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1971-இல் 'பிரைட்டர் லேட்டர்', 1972-இல் 'பிங்க் மூன்'. முதல் இரண்டின் தயாரிப்பாளர் ஜோ பாய்ட். மூன்றையும் பதிவு செய்தவர் ஜான் வுட், லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில். டிரேக்குக்கு மேடை ஒத்துவரவில்லை. பாடலுக்குப் பாடல் கிட்டாரின் சுருதியை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கூட்டத்திடம் ஒரு வார்த்தை பேச அவரால் முடியவில்லை. ஊர் ஊராகச் சென்று பாடித்தான் இசைத்தட்டு விற்க வேண்டும் என்றிருந்த நாட்களில் அது ஒன்றே போதும் ஓர் ஆல்பம் முடங்கிப்போக. 1974 நவம்பரில், 26 வயதில் இறந்துபோனார். உயிரோடிருந்தவரை எந்த ஆல்பமும் 5,000 பிரதிகளைத் தாண்டவில்லை என்று எங்கும் எழுதுகிறார்கள். மிகக் குறைவாக விற்றன என்பது உறுதி. அந்த எண்ணை மட்டும் செவிவழிச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து விற்பனைக் கணக்குகளை நான் அவ்வளவு நம்புவதில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு வணிக நிபந்தனை. ஜோ பாய்ட் தன் விட்ச்சீசன் நிறுவனத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போனபோது, டிரேக்கின் ஆல்பங்களை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். விற்காத இசைத்தட்டுகளைச் சில வருடங்களில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அன்றைய வழக்கம். எடுத்துவிட்டால் கடைக்காரர் கேட்டாலும் வராது. டிரேக்கின் ஆல்பங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1979-இல் மூன்றையும் சேர்த்து ஒரு பெட்டித் தொகுப்பு வந்தது. 1980களில் இளம் கலைஞர்கள் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். 1999 இறுதியில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் 'பிங்க் மூன்' ஒலித்தது. விற்பனை திடீரென்று ஏறியது. எல்லாரும் விளம்பரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். விளம்பரம் எடுத்தவர்களின் கைக்கு அந்த இசைத்தட்டு எட்டும்படி கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கடையில் வைத்திருந்தது பாய்டின் நிபந்தனை.

அப்படி ஒரு காவல் இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகெஸ், சசெக்ஸ் ரெக்கார்ட்ஸில் 1970-இல் 'கோல்ட் ஃபேக்ட்', 1971-இல் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' என இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். அமெரிக்காவில் இரண்டும் விற்கவில்லை. 1975-இல் நிறுவனமே மூடப்பட்டது. அவர் கட்டட வேலைக்குப் போனார். அதே பாடல்கள் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சியின் தணிக்கைக்கு நடுவே, ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அவர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே வதந்தி இருந்தது. 1998-இல் அவரே அங்கு போய்ப் பாடினார். 2012-இல் வந்த ஆவணப்படம் அந்தத் தேடலை உலகுக்குச் சொல்லி ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அந்தப் படம் ஒன்றைச் சொல்லாமல் விட்டது: ரோட்ரிகெஸ் 1979-இலும் 1981-இலும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து, நிரம்பிய அரங்குகளில் பாடியவர். ஆகவே மறக்கப்பட்டார் என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். மறுகண்டுபிடிப்புக் கதைகளில் அழகுக்காக வெட்டப்பட்ட பகுதி ஒன்று எப்போதும் இருக்கும். அதனால் இசையின் மதிப்பு குறையாது. கதையை அப்படியே நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' 1970-இல் வந்தது. குதிரை வண்டியிலேயே ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் போன ஒரு நெடும்பயணத்தில் பிறந்த பாடல்கள். ஆல்பம் விற்கவில்லை, அவர் இசையையே விட்டுவிட்டார். 2000-இல் மறுவெளியீடு வந்தபின், 2005-இல் தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். ஜெர்மனியின் சிபில் பையர் 1970களின் தொடக்கத்தில் வீட்டு ரீல் இயந்திரத்தில் பதிந்த பாடல்கள் 2006-இல்தான் வெளியே வந்தன, அதுவும் மகன் எடுத்த முயற்சியால். கானி கன்வர்ஸின் கதை என்னை இன்றும் கலங்கவைக்கிறது. 1950களில் நியூயார்க்கில், தன் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னாளில் வரப்போகும் ஒரு பாடல்முறையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தவர். அசைபடக் கலைஞர் ஜீன் டெய்ச் 1954-இல் தன் வீட்டுச் சமையலறையில் அவர் பாடியதைப் பதிந்துவைத்தார். 1974 ஆகஸ்டில் கன்வர்ஸ் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் கடிதங்கள் எழுதிவிட்டுக் காரில் கிளம்பிப் போனார். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. 2004-இல் டெய்ச் அந்தப் பதிவுகளில் ஒன்றை நியூயார்க் வானொலியில் ஒலிக்கவிட்டார். 2009-இல் ஆல்பம் வந்தது. டெய்ச் வீடு மாற்றும்போது அந்த ரீல்களைத் தூக்கி எறிந்திருந்தால், அப்படி ஒருவர் பாடினார் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

ஜாஸிலும் உண்டா என்ற கேள்விக்கு: ஏராளமாக. ஆனால் காரணங்கள் வேறு. பாடகர்களின் ஆல்பங்களில் பல வெளிவந்து விற்காமல் போனவை. ஜாஸில் வெளிவரவே விடாமல் நிறுத்திவைக்கப்பட்டவை அதிகம். ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் ஒரு வருடத்தில் வெளியிடக்கூடியதைவிட அதிகமாகப் பதிவு செய்தார். எது வெளிவரும், எது அலமாரிக்குப் போகும் என்பது கலைஞரின் கையில் இல்லை. இதற்கு டீனா ப்ரூக்ஸைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஹெரால்ட் என்ற இயற்பெயர் கொண்ட டெனர் சாக்ஸபோன் கலைஞர். 1960 ஜூன் மாதத்தில் ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான 'ஓப்பன் செசமி'யில் வாசித்தார். அதன் தலைப்புப் பாடலே ப்ரூக்ஸ் எழுதியது. அதே மாதத்தில் ஹப்பர்டைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'ட்ரூ ப்ளூ'வைப் பதிந்தார். ஹப்பர்ட் உலகப் புகழ் பெற்றார். ப்ரூக்ஸ் தலைமையில் ப்ளூ நோட் பதிந்தவை நான்கு ஆல்பங்களுக்கு ஆகும். அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். 'பேக் டு த ட்ராக்ஸ்' ஆல்பத்துக்கு வரிசை எண் கொடுத்து அறிவிப்பும் செய்து, பிறகு நிறுத்திவிட்டார்கள். 1961-க்குப் பிறகு ப்ரூக்ஸ் பதிவு ஸ்டுடியோவுக்குள் போகவில்லை. 1974-இல், 42 வயதில் இறந்தார்.

அவர் வாசிப்பில் அவசரமே கிடையாது. நீண்ட வாக்கியம் ஒன்றை மூச்சு முட்டாமல் சொல்லி முடிப்பவரைப் போல, ஓர் எண்ணம் முழுமையாக உருவாகும்வரை விடமாட்டார். சோகம் இருக்கும், ஆனால் அழுத்திக் காட்டமாட்டார். இது என் ரசனைதான், வாதத்துக்கு வைக்கவில்லை. வாதத்துக்கு இடமில்லாதது அடுத்து நடந்தது. 1970களின் நடுவில் மைக்கேல் கஸ்குனா என்ற தயாரிப்பாளர், இசைக்கலைஞர்கள் நினைவிலிருந்து சொன்ன வெளிவராத பதிவுகளின் குறிப்புகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு ப்ளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைந்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, எது யாருடையது என்று அடையாளம் கண்டு, ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். பிறகு சார்லி லூரியுடன் சேர்ந்து தொடங்கிய மொசைக் நிறுவனத்தில் 1985-இல் ப்ரூக்ஸின் முழுத் தொகுப்பையும் வெளியிட்டார். பல வருட உழைப்பு. ஜாஸ் கேட்பவர்கள் எல்லாரும் கஸ்குனாவுக்குக் கடன்பட்டவர்கள்.

நிறுவனங்களின் தயவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். ட்ரம்பெட் கலைஞர் சார்ல்ஸ் டாலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட், மூலப் பதிவான மாஸ்டர் நாடாவின் உரிமையைக் கலைஞர்களிடமே விட்டது. கொள்கை உயர்ந்தது, ஆனால் விநியோக வலை சிறியது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் உரிமையாளர் வேறு என்பதால் மறுவெளியீட்டுக்கு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டியிருந்தது. கிளிஃபர்ட் ஜார்டனின் 'கிளாஸ் பீட் கேம்ஸ்' போன்ற ஓர் உன்னதமான ஆல்பம் நெடுங்காலம் சேகரிப்பாளர்களிடையே மட்டும் கைமாறிக்கொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனுக்குத் தமிழ்நாட்டோடு நேரடியான தொடர்பு உண்டு. அவருடைய 1971 ஆல்பமான 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வின் பெயரில் இருப்பவர் கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். அந்த ஆல்பம் என்றுமே மறக்கப்படவில்லை. மறைந்துகிடந்தவை அதற்குப் பிறகு வந்தவை. கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்த பின், 1982 முதல் 1995 வரை, அவர் தன் குரலிலும் அடியவர்களின் குரல்களிலும் பஜனைப் பாடல்களைப் பதிந்து கேசட்டுகளாக வெளியிட்டார். சின்தசைசரின் ஒலி அலைகளுக்கு மேல் சமஸ்கிருத நாமாவளி, அதனடியில் அவர் வளர்ந்த டெட்ராய்ட்டின் தேவாலயப் பாடலின் துடிப்பு. ஆசிரம வட்டத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாமல் இருந்த அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை 2017-இல் லுவாக்கா பாப் நிறுவனம் வெளியிட்டது. பஜனை கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு அதில் எது பழகியது, எது புதியது என்பது உடனே பிடிபடும். கட்டாயம் கேளுங்கள்.

இனி, எல்லாரும் சொல்லாமல் விடும் ஒன்று. மறைந்துகிடந்தவை எல்லாமே நல்லவை இல்லை. சொந்தச் செலவில் அச்சிடப்பட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுக்கும் ஆல்பங்களில் பல, கேட்டால் சாதாரணமானவை. அரிதாக இருப்பது மட்டுமே அவற்றின் சிறப்பு. மறுகண்டுபிடிப்புக்கும் ஒரு காலத்து ரசனை இருக்கிறது. 1980களின் லண்டன் கிளப்புகளில் பழைய ஜாஸ் தேடியவர்கள் ஆடத்தக்கதைத் தேடினார்கள். ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் வெட்டி எடுத்துச் சுழலவிடத் தக்க ட்ரம்ஸ் பகுதிகளைத் தேடினார்கள். இன்றைய இணையப் பரிந்துரைகள் வேலை செய்துகொண்டே கேட்கத் தக்க மென்மையை முன்னால் தள்ளுகின்றன. ஜப்பானின் ரியோ ஃபுக்குய் 22 வயதில்தான் பியானோ தொட்டவர், தானாகவே கற்றவர். 1976-இல் வந்த அவருடைய 'சீனரி' பல பத்தாண்டுகள் கழித்து யூடியூப் வழியாக உலகம் முழுவதும் பரவியது. நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அது பரவியதற்கு அதன் தரத்தைப் போலவே, பின்னணியில் ஓடவிட்டால் தொந்தரவு செய்யாது என்பதும் காரணம் என்று நினைக்கிறேன். உறுதியாக நிரூபிக்க முடியாது. அதே காலத்து ஜப்பானில் கடுமையான, குறுக்கே வந்து நம்மை நிறுத்தும் ஜாஸும் நிறையப் பதிவாயிற்று. பரிந்துரைகள் அவற்றை உங்களிடம் கொண்டுவருவது அபூர்வம். பரிந்துரையை மட்டும் நம்பினால் ஒரே வகையான மறதியிலிருந்து ஒரே வகையான இசைதான் மீண்டும் மீண்டும் வந்துசேரும்.

அப்படியானால் எப்படித் தேடுவது? இசைத்தட்டின் பின்னட்டையைப் படியுங்கள். பாடகரின் பெயரை விட்டுவிட்டு, பாஸ் வாசித்தவர், வாத்திய அமைப்பாளர் (எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர்), தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்களைப் பின்தொடருங்கள். இவர்கள் தினமும் வேலை செய்தவர்கள். ஒரே வாரத்தில் பல அமர்வுகளில் உட்கார்ந்தவர்கள். உங்களுக்குப் பிடித்த ஒலியின் பாதி அவர்களுடையது. டிரேக்கிலிருந்தே தொடங்கலாம். முதல் ஆல்பத்தின் தந்தி வாத்திய அமைப்பில் பெரும்பகுதி அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பியுடையது. அதே கிர்பி வாஷ்டி பன்யனின் ஆல்பத்திலும் இருக்கிறார். டபுள் பாஸ் டானி தாம்ப்ஸன். அவரைப் பின்தொடர்ந்தால் ஜான் மார்ட்டினின் 1973 ஆல்பமான 'சாலிட் ஏர்' கிடைக்கும். அதன் தலைப்புப் பாடல் டிரேக்குக்காகவே எழுதப்பட்டது.

இன்னும் சுவையான கிளை 'பிரைட்டர் லேட்டர்' ஆல்பத்தில் இருக்கிறது. 'புவர் பாய்' பாடலில் பியானோ வாசிப்பவர் கிறிஸ் மெக்ரெகர். யார் இவர்? தென்னாப்பிரிக்க வெள்ளையர். கறுப்பினக் கலைஞர்களோடு சேர்ந்து 'ப்ளூ நோட்ஸ்' என்ற குழுவை நடத்தியவர் (ப்ளூ நோட் நிறுவனம் வேறு, இது வேறு). நிறவெறிச் சட்டங்களின் கீழ் அப்படி ஒரு குழு சேர்ந்து வாசிப்பதே போராட்டம். 1964-இல் ஐரோப்பாவுக்கு வந்த அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். லண்டனில் மெக்ரெகரின் ஆல்பங்களைத் தயாரித்தவர், அதே ஜோ பாய்ட். 1971-இல் வந்த 'பிரதர்ஹுட் ஆஃப் பிரெத்' அப்படிப் பிறந்தது. ஆல்டோ சாக்ஸபோனில் டுடு புக்வானா, ட்ரம்பெட்டில் மொங்கெஸி ஃபெஸா, ட்ரம்ஸில் லூயிஸ் மொஹோலோ. அவர்களோடு பிரிட்டிஷ் கலைஞர்கள் பலர். தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளின் ஆட்டப் பாடலும் கட்டற்ற ஜாஸும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து ஓடுகின்றன. குழுவின் பாஸ் கலைஞர் ஹாரி மில்லரைத் தொடர்ந்தால் அவரும் மனைவி ஹேசலும் நடத்திய ஓகன் நிறுவனத்தின் பட்டியல் முழுவதும் திறக்கும். தனிமையான ஓர் ஆங்கிலப் பாடகரின் பின்னட்டையிலிருந்து மூன்றே பெயர்களில் நாடு கடந்த தென்னாப்பிரிக்க ஜாஸுக்கு வந்துவிட்டோம். எந்தப் பட்டியலும் உங்களை இந்த வழியில் கூட்டிச் சென்றிருக்காது.

அமெரிக்காவிலும் இதே வழி செல்லுபடியாகும். பாடகர் வான் மாரிசனின் 1968 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' ஆல்பத்தில் பாஸ் வாசித்த ரிச்சர்ட் டேவிஸ், அதற்கு முன்பே பியானோ கலைஞர் ஆண்ட்ரூ ஹில்லின் ப்ளூ நோட் ஆல்பங்களில் வாசித்தவர். கிட்டார் வாசித்த ஜே பெர்லினர், ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் 1963 'பிளாக் செயின்ட்' ஆல்பத்திலும் இருக்கிறார். ஜாஸுக்கும் பாடகர்-கவிஞர்களுக்கும் நடுவே சுவர் இருப்பதுபோல் கடைகளில் பிரித்துவைக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குள் அப்படி ஒரு சுவர் இருந்ததில்லை.

கடைசிக் கேள்வி, அசல் பிரதி பற்றி. என் தொழில் சார்ந்தது என்பதால் இதில் கொஞ்சம் உறுதியாகப் பேசுகிறேன். அசல் பிரதிக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அரிதாக இருப்பதற்கான விலை, ஒலிக்கானது இல்லை. பல கைகள் மாறித் தேய்ந்த பிரதியைவிட, மூல நாடாவிலிருந்து கவனமாகச் செய்த மறுவெளியீடு நன்றாகவே ஒலிக்கும். நாடா என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் எல்லாம். 1970களின் நடுவிலிருந்து தயாரான சில வகை நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதோடு இசையும் போகும். சுமார் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை இறக்கிவிட்டு, கிடைக்கும் சில வாரங்களுக்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு முந்தைய அசிடேட் நாடாவுக்கு இந்தச் சூடே கூடாது. பசைக்கோளாறு இல்லாததால், 1960களின் நாடா ஒன்று 1979-இன் நாடாவைவிட நல்ல நிலையில் வந்து சேருவதும் உண்டு. நாடாவே கிடைக்காமல் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்து வெளியிடுவதும் நடக்கிறது. அதை அட்டையில் வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தை நான் மதிக்கிறேன்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. பின்னர் காலத்தை நீட்டித்த சட்டம் அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவரவில்லை. ஆகவே 'ட்ரூ ப்ளூ' போன்ற ஆல்பங்களை அங்கே யாரும் அச்சிடலாம். அவர்களிடம் மூல நாடா இருக்காது; பலர் பழைய சிடியிலிருந்து எடுக்கிறார்கள். அது சட்டப்படி சரி, ஆனால் கலைஞரின் குடும்பத்துக்கு ஒரு காசு போகாது. ப்ரூக்ஸின் 'மைனர் மூவ்' ஆல்பத்தை ப்ளூ நோட்டே தன் 'டோன் போயட்' வரிசையில் மூல நாடாவிலிருந்து வெளியிட்டிருக்கிறது, அதைத் தேடுங்கள். ரோட்ரிகெஸின் இரண்டு ஆல்பங்களையும் உரிமம் பெற்று மறுவெளியீடு செய்தது சியாட்டிலின் லைட் இன் த அட்டிக். உரிமம் யாரிடம் பெறப்பட்டது என்ற வரி பின்னட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அது இல்லாத இசைத்தட்டை நான் வாங்குவதில்லை.

எங்கே தொடங்குவது என்றால், உங்களுக்கு டிரேக் பிடித்திருப்பதால் 'பிரதர்ஹுட் ஆஃப் பிரெத்' ஆல்பத்தின் முதல் பாடலான 'ம்ரா'வைச் சொல்வேன். சத்தமானது, கூட்டமானது, டிரேக்கின் நேர் எதிர். அது பிடித்தால் ஓகன் பக்கம் போங்கள். பிடிக்காவிட்டால் கிர்பியின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாஷ்டி பன்யனிடம் போங்கள்.